குடி என்ற சொல் வரும் இடங்கள்

குடிப்பவரிடம் குடிக்கிறீர்களா என்று கேட்கக் கூடாது என்பது எங்கள் ஆய்வு மையத்தின் அடிப்படைக் கொள்கை. கேட்டால் பொய் சொல்வார்கள். ஆகவே குடியை நிறுத்திய அறுபது பேரை ஆறு மாதம், வாரத்துக்கு ஒரு முறை, தொலைபேசியில் அழைத்து வேறு எதையாவது கேட்டுக்கொண்டிருந்தோம். வீடு எப்படி இருக்கிறது, தூக்கம் வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, வேலையிடத்தில் யாரோடு பேசினீர்கள். அவர்கள் இருபது நிமிடம் பேசுவார்கள். அந்தப் பேச்சில் குடி என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று ஒரு மென்பொருள் எண்ணும். உள்ளே ஓடிக்கொண்டிருப்பது எப்படியும் வாயில் வந்துவிடும் என்பது எங்கள் தலைவியான மேடத்தின் கருதுகோள். ஒரு வாரத்தில் இருபதைத் தாண்டினால் ஆள் வழுக்கப்போகிறார் என்று பொருள்.

என் வேலை தட்டச்சு. காதில் ஹெட்போன், காலடியில் ஒரு பெடல். மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். நான் ஏதோ தையல் சம்பந்தப்பட்ட வேலையில் இருப்பதாகத்தான் அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறாள். குடிகாரர்கள் பேசுவதைக் கேட்கிற வேலை என்று சொல்வதைவிட அது அவளுக்கு வசதியாக இருந்தது.

மையம் ஒரு மெத்தைக் கடையின் மேல் மூன்றாம் மாடியில் இருந்தது. படியேறும்போதே புது ஸ்பஞ்சு வாசனை அடிக்கும். ஒரே அறை, நான்கு மேசை. ஜன்னலோரம் மேடம். கதவோரம் கேள்வி அக்கா. தொலைபேசியில் கேள்வி கேட்பவர் என்பதால் அந்தப் பெயர். இரண்டாம் வாரத்தில் யாரோ ஒருவரிடம் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டார். ஆராய்ச்சியாளர் பாவப்பட்டால் தரவு கெட்டுவிடும் என்று மேடம் விளக்கினார். அன்றிலிருந்து அக்கா காகிதத்தில் இருக்கும் கேள்விகளையும், இடையிடையே "சரிங்க" என்பதையும், முடிவில் "நன்றி" என்பதையும் தவிர வேறெதுவும் பேசியதில்லை. வீட்டிலும் அப்படித்தான் ஆகிவிட்டதாக அவர் கணவர் ஒருமுறை போனில் குறைப்பட்டுக்கொண்டார்.

நான்காவது மேசை புள்ளியண்ணனுடையது. புள்ளியியல் படித்தவர். எண்ணும் மென்பொருளைக் கொண்டுவந்தவர் அவர்தான். வெளிநாட்டில் யாரோ அவர்கள் மொழிக்குச் செய்தது. அவர்களுடைய சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குடி என்று போட்டார், வேலை செய்தது. டீ, காபி, பால் ஆகியவற்றுக்குப் பின்னால் வரும் குடியை முதலிலேயே கழித்துவிட்டிருந்தார். அவர் முட்டாளில்லை. ஆனால் நான் அடித்துக் கொடுக்கும் பக்கங்களில் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. படித்தால் பாரபட்சம் வந்துவிடுமாம். மேடமும் படித்ததில்லை, அதே காரணம். அக்கா கேள்வியில் கவனமாக இருந்ததால் பதிலைக் கேட்டதில்லை. ஆக, அறுபது பேர் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை உலகத்தில் ஒரே ஒருத்திதான் கேட்டாள். அவளுக்கும் கருத்து சொல்லும் அதிகாரம் கிடையாது. "கேட்டதை அடிக்கவும்" என்று என் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தது.

நாற்பத்தொன்றாம் எண்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஒரு காலையில், முந்தைய இரவு குடித்தது இறங்காமலே மேலே ஏறி, குளிர்சாதனப் பெட்டிகள் அடைத்த கன்டெய்னர் ஒன்றை மேலாளருடைய காரின் மேல் இறக்கிவிட்டார். காருக்குள் யாரும் இல்லை. அந்த ஒரே காரணத்தால் அவரை வேலையை விட்டு நீக்கவில்லை, கிரேனை விட்டு இறக்கினார்கள். அன்றோடு குடியை விட்டு எங்கள் ஆய்வில் சேர்ந்தார். ஆறு மாதம் ஒழுங்காக இருக்கிறார் என்று மையம் அறிக்கை கொடுத்தால் மறுபடி மேலே ஏறலாம் என்று துறைமுகம் எழுத்தில் கொடுத்திருந்தது. அதுவரை கீழே தளத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"பதினெட்டு வருஷம் மேல இருந்தேங்க," என்று முதல் வாரத்தில் சொன்னார். "கீழ வந்து பார்த்தா எல்லாரும் என்னைவிட உயரமா இருக்காங்க."

"சரிங்க," என்றார் அக்கா. "அடுத்த கேள்வி."

இருபத்துமூன்றாம் வாரம் துறைமுகத்துக்குப் போக வேண்டிய அறிக்கையை மேடம் எழுதி, அச்செடுக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். மதிப்பெண்களை நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. நாற்பத்தொன்று, முதல் பத்து வாரம்: வாரத்துக்கு இரண்டு, மூன்று. பதினொன்றாம் வாரம்: முப்பத்தெட்டு. பிறகு இருபத்தாறு, முப்பத்தொன்று, இருபத்தொன்பது என்று போனது. பதினேழாம் வாரம் மட்டும் பூஜ்யம். அதற்கு எதிரே "நல்ல முன்னேற்றம், நீடிக்கவில்லை" என்று குறிப்பு. கடைசி வரி: உயர் அபாயம், உயரமான இடங்களில் பணியமர்த்தப் பரிந்துரைக்க இயலாது.

பதினொன்றாம் வாரம் என்ன நடந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர் வீடு மாறினார்.

பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். "புது வீட்டுக்குக் குடிவந்தாச்சுங்க. மாடியில ரெண்டு குடித்தனம். எதிர்க் குடித்தனம் ஒரு வாத்தியார். நாங்க குடிவந்த அன்னைக்கே வந்து, இதுக்கு முன்னாடி குடியிருந்தவங்க ரொம்ப சத்தம்னு சொன்னார். கீழ வீட்டுக்காரங்களே குடியிருக்காங்க. குடிதண்ணி மட்டும் மேல ஏறாது." இப்படியே இரண்டரைப் பக்கம். போன வருடம் பிறந்த வீட்டுக்குப் போய்விட்ட மனைவி, தனி வீடு பார்த்தால் திரும்பி வருகிறேன் என்றிருந்தார். வீடு பார்த்தார், மனைவியும் வந்தார். அந்த மனிதருக்கு வேறு பேச்சே இல்லை. குடித்தனம், குடித்தனம் என்று வாரா வாரம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

தாளை எடுத்துக்கொண்டு புள்ளியண்ணன் மேசைக்குப் போனேன். அந்தப் பக்கம் போவது அதுதான் முதல் முறை.

"அண்ணே, இது குடி இல்ல. குடித்தனம்."

"என்ன வித்தியாசம்?"

"உங்க வீட்ல எத்தனை குடித்தனம்?"

"நாலு." வாய் திறந்தபடியே நின்றது. பிறகு தாளை வாங்கிப் படித்தார். ஆறு மாதத்தில் அவர் படித்த முதல் பக்கம். "குடிவந்தேன், குடியிருந்தேன், குடித்தனம், குடிதண்ணி," என்று விரல் வைத்துப் போனார். "அடப்பாவி. இந்தாளு சந்தோஷமா இருந்திருக்கான். நான் அதை வியாதின்னு எண்ணியிருக்கேன்."

"கழிச்சிடலாம்ல?"

"இப்பவே."

கழித்தார். நாற்பத்தொன்று எல்லா வாரமும் பூஜ்யத்துக்கு இறங்கியது. உயர் அபாயம் என்ற சொல் திரையிலிருந்து தானாகவே மறைந்தது. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அத்தோடு மேசைக்குத் திரும்பியிருக்கலாம்.

அப்போது புள்ளியண்ணன், "மேடம், ஒரு நிமிஷம்," என்றார். மாற்றம் அறுபது பேருக்கும் பாய்ந்திருந்தது. அறுபது பேரும் பூஜ்யத்தில் நின்றார்கள்.

மேடம் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். "எல்லாரும் குணமாயிட்டாங்களா?"

"கணக்குப்படி ஆமா மேடம்."

"நாலு பேரு ஆஸ்பத்திரியில இருக்காங்களே."

"அவங்களும் குணம்தான்."

மேடம் இருபது வருடம் மதுவைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். கல்லீரல், நரம்பு, தூக்கம் எல்லாவற்றைப் பற்றியும் எழுதியிருக்கிறார். மெதுவாக என் பக்கம் திரும்பினார். "இவங்க அந்த விஷயத்தைக் குடின்னே சொல்றதில்லையா?"

"இல்ல மேடம். அது மத்தவங்க அவங்களைப் பத்திச் சொல்ற வார்த்தை."

"அப்ப அவங்க என்ன சொல்வாங்க?"

பதினேழாம் வாரம் நாற்பத்தொன்று பேசியதை அடித்தபோது நான் மூன்று முறை காலை எடுத்தேன். பெடலைத் திரும்ப மிதிக்க மனம் வரவில்லை. அதில் குடி என்ற சொல் எங்கும் இல்லை. மென்பொருள் அதைத்தான் முன்னேற்றம் என்று எழுதியிருந்தது.

"தண்ணின்னு சொல்வாங்க," என்றேன். "சரக்குன்னு சொல்வாங்க."

புள்ளியண்ணன் அடித்தார். தண்ணி என்று போட்டதும் நாற்பத்தொன்று அறுபத்துநாலுக்கு ஏறியது.

"அது மாடிக்குத் தண்ணி ஏறாதது அண்ணே. மோட்டர் பழுது. அதைக் கழிச்சிடுங்க."

"பம்ப்செட்டுக்கும் போதைக்கும் ஒரே வார்த்தை வெச்சா நான் என்ன செய்யறது?" என்று தலையில் கைவைத்துக்கொண்டு கழித்தார். "வேற?"

"ஊத்திக்கிட்டேன். ஏத்திக்கிட்டேன். சாப்பிட்டேன்."

"சாப்பிட்டேனா? அதுக்கு அக்கா கேள்வியே இருக்கு!"

"ஏழாவது கேள்வி," என்றார் கேள்வி அக்கா கதவோரத்திலிருந்து.

"வேற?" என்றார் மேடம்.

வேறு இல்லை என்று சொல்லிவிட்டால் போதும். நாற்பத்தொன்று வரும் மாதம் கிரேனில் இருப்பார். அதைத்தான் நான் விரும்பினேன். ஆனால் அவர் தூக்கும் பெட்டிக்குக் கீழே ஆட்கள் நடப்பார்கள். அவரே சொல்லியிருக்கிறார்: மேலேயிருந்து பார்த்தால் தலைக்கவசம் மட்டும்தான் தெரியும், மஞ்சள் மஞ்சளாக, சிந்திய பட்டாணி மாதிரி. கீழே போன பிறகுதான் ஒவ்வொரு பட்டாணிக்கும் முகம் இருப்பது தெரிந்தது என்றும் சொன்னார். அது எனக்கு அப்போது நினைவுக்கு வந்திருக்க வேண்டாம்.

"போட்டேன்," என்றேன்.

புள்ளியண்ணன் அடித்தார். மென்பொருள் கொஞ்ச நேரம் சுற்றியது. "இருநூத்திப் பன்னெண்டு," என்றார். "இந்தாளு ஆறு மாசத்துல இருநூத்திப் பன்னெண்டு தடவை போட்டிருக்கான்!"

"துணி காயப் போட்டேன், பூட்டு போட்டேன், கையெழுத்து போட்டேன், மாமனாரோட சண்டை போட்டேன்," என்றேன். "அதெல்லாம் சேர்ந்திருக்கும்."

"கழிச்சா எவ்வளவு மிஞ்சும்?"

"ஒன்னு."

"எண்ணிப் பார்த்தியா?"

"எண்ணல. தெரியும்."

மேடம் தன் நாற்காலியை இழுத்து என் மேசைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "போடு," என்றார். ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பதினேழாம் வாரத்தை ஒலிபெருக்கியில் வைத்து மிதித்தேன்.

"...வேலையில என்னங்க, எங்க கூட்டாளி ஒருத்தன் நேத்து ரிட்டயர் ஆனான். முப்பது வருஷம். எல்லாரும் ஒரு எடத்துல கூடினோம். நான் போகாம இருந்திருக்கணும். போட்டேங்க. ஒன்னு. ரெண்டாவது ஊத்தினான், அப்படியே வெச்சுட்டு எழுந்து வந்துட்டேன். வீட்டுக்குப் போய் அவகிட்ட சொன்னேன். அவ பாயை எடுத்துட்டுப் போய் அந்தப் பக்கம் படுத்துட்டா. உங்ககிட்டயும் சொல்லிடணும்னு காலையிலேர்ந்து போனைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"சரிங்க," என்றது அக்காவின் குரல். "அடுத்த கேள்வி. கடந்த ஏழு நாட்களில் உங்கள் தூக்கம் எப்படி இருந்தது? மிக நன்று, நன்று, சுமார், மோசம்."

"சுமார்னு போட்டுக்குங்க."

காலை எடுத்தேன். கீழே மெத்தைக் கடையில் யாரோ மெத்தையைத் தட்டிக் காட்டும் சத்தம் கேட்டது.

"கடைசியில நான் நன்றி சொன்னேனா?" என்று கேட்டார் கேள்வி அக்கா.

"சொன்னீங்க அக்கா."

"அது வேற சொன்னேனா," என்றவர், காகிதங்களைத் தட்டி அடுக்கி, அடுக்கியதையே மறுபடி அடுக்கினார்.

புள்ளியண்ணன் மெல்லச் சொன்னார், "மேடம், விதிப்படி ஒரு தடவை போட்டாலும் அது மீள்குடின்னுதான் கணக்கு. ஆனா சொல் எண்ணிக்கைப்படி பூஜ்யம். ரெண்டுல எதைக் குடுத்தாலும் நமக்கு ஆதாரம் இருக்கு."

"அந்தாளு நம்பரைக் குடு," என்றார் மேடம்.

"நேரடியாக் கேக்கப் போறீங்களா?"

"ஆமா."

"கொள்கை?"

மேடம் எண்களை அழுத்தினார். ஒலிபெருக்கியை அணைக்க மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று தெரியாது. நாங்கள் மூவரும் வேலை செய்வதுபோல் உட்கார்ந்திருந்தோம்.

"வணக்கம்மா, இன்னைக்குக் கெழமை தப்பா இருக்கே," என்றார் நாற்பத்தொன்று.

"நான் ஆய்வோட தலைவி பேசறேன். ஒரு கேள்வி. குடிச்சீங்களா?"

"எப்ப மேடம்?"

"எப்பவாவது. இந்த ஆறு மாசத்துல."

"ஒரு தடவை. அதான் அப்பவே சொன்னேனே. அந்தம்மா சரின்னாங்க." குரலில் ஆச்சரியம்தான் இருந்தது. "அத்தோட கிரேன் போச்சுன்னு ராத்திரி முழுக்க உக்காந்திருந்தேன். மறுவாரம் போன் வந்துச்சு, அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. அதுக்கடுத்த வாரமும் கேக்கல. சரி, ஒன்னுக்கு மன்னிப்பு உண்டு போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

"அப்படி ஒன்னும் இல்லை. நாங்க கேக்கல, அவ்வளவுதான். காதுல விழல."

"ஓ," என்றார் அவர். "அப்ப இப்பத்தான் தெரியுமா உங்களுக்கு?"

"இப்பத்தான்."

"அப்ப நான் இல்லைன்னு சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

"ச்சே," என்றார், பேருந்தைத் தவறவிட்டவர் மாதிரி.

பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "யாருங்க அது? என்ன கேக்கறாங்க?"

"குடிச்சியான்னு கேக்கறாங்க."

"இப்பவா? ஆறு மாசம் என்ன பண்ணிட்டு இருந்தாங்களாம்?" குரல் போனுக்குப் பக்கத்தில் வந்தது. "அம்மா, அன்னைக்கு ஒன்னு, அப்புறம் இல்லை. நான் தெனமும் மோந்து பார்க்கறேன். என் மூக்குக்கு மேல உங்ககிட்ட மெஷின் இருந்தா அனுப்பி வைங்க."

"அதை எழுதிக்கலாமா?" என்று கேட்டார் மேடம்.

"எதை, மூக்கையா?"

"எல்லாத்தையும். அந்த ஒன்னையும் சேர்த்துத்தான் எழுதணும். எழுதினா துறைமுகத்துல என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது. கிரேன் கெடைக்காமலும் போகலாம். எழுத வேணாம்னா இந்த அறிக்கையே அனுப்பல. அப்பவும் கெடைக்காது."

புருஷனும் மனைவியும் போனைக் கையால் பொத்திக்கொண்டு பேசுவது கேட்டது. என்ன என்று புரியவில்லை. நான் பழக்கத்தில் காலால் பெடலைத் தேடினேன்.

"எழுதுங்க மேடம்," என்றார் நாற்பத்தொன்று. "ஆனா ரெண்டாவது ஊத்தினதை வெச்சுட்டு வந்தேன்ல, அதையும் எழுதிடுங்க. அது கஷ்டமா இருந்துச்சு."

மேடம் அன்று மாலைவரை எழுதினார். அதில் மதிப்பெண் இல்லை. குடியை விட்டவர் ஒரு முறை தவறுவது பரவலாக நடப்பது என்றும், தவறிய பிறகு என்ன செய்தார் என்பதையே பார்க்க வேண்டும் என்றும் எழுதினார். இவர் பாதியில் எழுந்து வந்தார், அன்றே வீட்டில் சொன்னார், மறுநாள் எங்களிடம் சொன்னார், நாங்கள் கவனிக்கவில்லை என்று எழுதினார். "நாங்கள் கவனிக்கவில்லை" என்பதை எடுத்துவிடலாமா என்று புள்ளியண்ணன் கேட்டார். மேடம் எடுக்கவில்லை. பரிந்துரை: தினமும் ஏறுவதற்கு முன் ஊதிக் காட்டும் நிபந்தனையோடு மேலே அனுப்பலாம். நான் அச்செடுத்தேன்.

அதன் பிறகு மேடம் மற்ற ஐம்பத்தொன்பது பேரின் பக்கங்களைப் படிக்க ஆரம்பித்தார். தினமும் ஒரு அடுக்கு. நடுநடுவே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். ஒருநாள், "இதையெல்லாம் நீ மட்டும் கேட்டுக்கிட்டு இருந்தியா?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். மறுநாள் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காணவில்லை. யார் எடுத்தது என்று நான் கேட்கவில்லை.

துறைமுகம் இரண்டு வாரம் எதுவும் சொல்லவில்லை. இருபத்தைந்தாம் வாரப் பேச்சில் நாற்பத்தொன்று தளம் கூட்டுவதைப் பற்றி மட்டும் பேசினார். கடல்பக்கக் காற்றில் ஓரத்திலிருந்து கூட்டினால் குப்பை திரும்பி வரும், நடுவிலிருந்து கூட்ட வேண்டுமாம். இந்த வேலையிலேயே ஓய்வு பெறுவதற்கு அவர் தயாராகிறார் என்று தோன்றியது.

இருபத்தாறாம் வாரம் கடைசி அழைப்பு. பின்னால் காற்றுச் சத்தம் பலமாக இருந்தது. வழக்கமான வீட்டுச் சத்தம் இல்லை.

"வேலையிடத்தில் யாரோடு பேசினீர்கள்?" என்று கேட்டார் அக்கா.

"காலையில மேஸ்திரியோட பேசினேங்க. ஊதச் சொன்னார், ஊதினேன். மெஷின் ஒன்னும் இல்லைன்னுச்சு. அவருக்கு மெஷின் மேல நம்பிக்கை இல்லை, வாயைத் திறன்னு தானே மோந்தார். எங்க வீட்ல பூண்டு அதிகமாப் போட்டிருந்தா இன்னைக்கு. மனுஷன் ரெண்டடி பின்னால போய்ட்டார். சரி ஏறித் தொலைன்னார். அதுக்கப்புறம் பேச யாரும் இல்லைங்க. மேல நான் மட்டும்தான்."

அக்கா அடுத்த கேள்விக்குப் போகவில்லை. காகிதம் புரளும் சத்தமும் கேட்கவில்லை.

"மேல எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நான் இல்லாதப்ப ஒரு நெட்டையன் ஓட்டியிருக்கான். சீட்டைத் தூக்கி வெச்சிருந்தான். எனக்குக் கால் எட்டல. அதை இறக்கறதுக்கே அரை மணி நேரம் ஆச்சு. திருகாணி துருப்பிடிச்சுப் போச்சு. கீழேயிருந்து எல்லாரும் கத்தறாங்க, என்னய்யா தூங்கிட்டியான்னு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னங்க," என்றார். "கால் எட்டிடுச்சு. எல்லாரும் ஒதுங்குங்கன்னு ஹாரன் அடிச்சேன். ரெண்டு தடவை அடிக்கணும்னு விதி. நான் நாலு தடவை அடிச்சேன். ஒருத்தன்கூடக் கீழ இல்லைன்னு பார்த்துட்டுத் தூக்கினேன்."